இறந்தவனின் பெயரில் ஓடியவன்: எட்கர் உல்மரும் ‘டீட்டூர்’ திரைப்படமும்

பல்கலைக்கழகத்தில் ஊடகக் கற்கை படித்துக்கொண்டிருந்த காலத்தில் நண்பன் ஒருவன் பென் டிரைவில் ஒரு பழைய அமெரிக்கப் படத்தைத் தந்தான். கறுப்பு வெள்ளைப் படம். ஒலி கரகரத்தது. சில இடங்களில் காட்சி வெட்டுப்பட்டுப் பாய்ந்தது. 68 நிமிடங்கள்தான் என்பதால் விடுதியில் இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒரே இருப்பில் பார்த்து முடித்தேன். பிறகு நித்திரை வரவில்லை.

1945ஆம் ஆண்டு வெளியான அந்தப் படத்தின் பெயர் ‘டீட்டூர்’. நேர் வீதி மூடப்பட்டிருக்கும்போது சுற்றிப்போகிற பாதையைக் குறிக்கும் சொல் அது. கதை சிறியது. நியூயோர்க்கில் இரவு விடுதியொன்றில் பியானோ வாசிக்கும் அல் ரொபேர்ட்ஸ் என்ற இளைஞன், ஹொலிவூட்டுக்குப் போய்விட்ட காதலியைத் தேடிப் புறப்படுகிறான். பயணத்துக்குக் காசில்லை. வீதியில் நின்று கைகாட்டி, யார் யாருடையதோ வாகனங்களில் ஏறி நாட்டைக் குறுக்காகக் கடக்கிறான். அரிசோனாவில் ஹஸ்கல் என்ற பணக்காரத் தோற்றமுள்ள ஒருவர் அவனைத் தன் காரில் ஏற்றிக்கொள்கிறார். இரவு மழையில் அல் காரை ஓட்டிக்கொண்டிருக்கிறான். பக்கத்தில் ஹஸ்கல் உறங்குகிறார். காரின் கூரையை மூடுவதற்காக நிறுத்தி, அவரை எழுப்பப் பார்த்து, கதவைத் திறக்கிறான். அவர் வெளியே சரிந்து விழுந்து கல்லில் தலை மோதிக் கிடக்கிறார். உயிர் இல்லை.

தான் கொல்லவில்லை என்பது அவனுக்குத் தெரியும். ஆனால் காசில்லாத வழிப்போக்கன் ஒருவன் இதைச் சொன்னால் எந்தப் பொலிஸ்காரன் நம்புவான்? அந்த ஒரு பயத்தில் உடலை ஒளித்துவைக்கிறான். இறந்தவரின் உடையை அணிந்து, பணத்தையும் சாரதி அனுமதிப்பத்திரத்தையும் எடுத்துக்கொண்டு, காரையும் ஓட்டிச் செல்கிறான். அந்த நிமிடத்திலிருந்து அவன் பெயர் ஹஸ்கல்.

மறுநாள் அவன் காரில் ஏற்றிக்கொள்ளும் வேரா என்ற பெண், உண்மையான ஹஸ்கலுடன் முன்பு பயணம் செய்தவள். இவன் அவரில்லை என்று உடனே கண்டுகொள்கிறாள். அதன் பிறகு அவன் அவளுடைய பிடியில். ஹஸ்கலின் தந்தை மரணப்படுக்கையில் இருக்கிறார், பல வருடங்களாக வீட்டுக்கு வராத மகனாக நடித்துச் சொத்தை வாங்கு என்று நெருக்குகிறாள். வாக்குவாதம், குடிபோதை, ஒரு தொலைபேசி வயர், இன்னொரு தற்செயல் மரணம். இறுதியில் அல் ரொபேர்ட்ஸ் என்பவன் பாலைவனத்தில் இறந்து கிடந்தவனாகப் பதிவில் இருக்கிறான். வேராவைக் கொன்றவர் என்று ஹஸ்கல் தேடப்படுகிறார். அதாவது பொலிஸ் தேடுவது இறந்துபோன ஒருவரை. உயிரோடு இருப்பவனுக்குச் சொந்தப் பெயரில் திரும்பிப் போக ஒரு இடமும் இல்லை.

எனக்கு அன்று நித்திரை வராததற்குக் காரணம் இருந்தது. 2009இல் நாங்கள் வன்னியிலிருந்து வெளியே வந்தபோது குடும்பத்தின் பத்திரங்கள் இருந்த பை வழியில் தவறிவிட்டது. முகாமில் பதிந்தபோது அப்பாவின் பெயரில் ஒரு எழுத்து மாறிவிட்டது, எனது முதலெழுத்தும் அதனோடு மாறிவிட்டது. அந்த ஒரு எழுத்தைத் திருத்துவதற்குக் கடிதங்கள், சத்தியக்கடதாசிகள், வரிசைகள் என்று வருடங்கள் போயின. ஒரு அலுவலகத்தில், நீர்தான் அந்த ஆள் என்பதற்கு என்ன அத்தாட்சி என்று கேட்டார்கள். எதிரே நிற்கும் என்னைத் தவிர என்னிடம் வேறு அத்தாட்சி இருக்கவில்லை. அல் ரொபேர்ட்ஸின் பயம் எனக்குப் புதியதாகத் தெரியவில்லை.

படத்தை எடுத்தவர் யார் என்று தேடத் தொடங்கினேன். எட்கர் ஜி. உல்மர். அவருடைய வாழ்க்கையைப் படிக்கப் படிக்க, அந்தப் பயத்தை அவர் எங்கிருந்து எடுத்தார் என்பது ஓரளவு விளங்கியது. கூடவே ஒரு சங்கடமும் வந்தது. தன் வாழ்க்கையைப் பற்றி அவரே சொன்னவற்றில் பல உண்மையல்ல.

தான் வியன்னாவில் பிறந்ததாக அவர் சொல்லி வந்தார். உண்மையில் 1904 செப்டெம்பர் 17 அன்று, அப்போது ஒஸ்திரிய-ஹங்கேரிப் பேரரசுக்குள் இருந்த மொராவியாவின் ஒலோமவுட்ஸ் நகரில் பிறந்தார். இன்று அது செக் குடியரசில் இருக்கிறது. யூதக் குடும்பம். தந்தை வைன் வியாபாரி. பின்னர் குடும்பம் வியன்னாவுக்குப் போனது. முதலாம் உலகப் போரில் பேரரசின் இராணுவத்துக்குப் போன தந்தை உயிரோடு திரும்பவில்லை. எட்கர் அப்போது சிறுவன். போர் முடிந்தபோது பேரரசு சிதறிப்போயிருந்தது. வியன்னாவில் பசி. பிள்ளைகளை வெளிநாடுகளுக்கு அனுப்பிக் காப்பாற்றும் நிவாரணத் திட்டம் ஒன்றின் கீழ் அவர் சுவீடனின் உப்சாலா நகருக்கு அனுப்பப்பட்டு, அங்கே அந்நியக் குடும்பம் ஒன்றுடன் வாழ்ந்தார். பதினைந்து வயதளவிலேயே தந்தை, நாடு, வீடு மூன்றும் கைவிட்டுப் போயிருந்தன.

வியன்னாவுக்குத் திரும்பிய பிறகு நாடக உலகம் அவரை உள்வாங்கியது. அக்காலத்தின் பெரும் நாடக நெறியாளர் மாக்ஸ் ரைன்ஹார்ட்டின் குழுவோடு வேலை செய்து, 1924இல் அமெரிக்காவைப் பார்த்தார். திரைப்படத்தில் காட்சி அரங்குகளை வடிவமைப்பவர்களுக்கு உதவியாளராக இருந்தார். இயக்குநர் எஃப். டபிள்யூ. முர்னாவ் ஹொலிவூட்டில் எடுத்த ‘சன்ரைஸ்’ (1927) படத்தின் கலைப்பிரிவிலும் அவருக்கு வேலை இருந்தது.

1929ஆம் ஆண்டுக் கோடையில் பேர்லினில் சில இளைஞர்கள் சேர்ந்து, தொழில்முறை நடிகர்கள் இல்லாமல், ஞாயிற்றுக்கிழமை ஒன்றைச் சாதாரண மனிதர்கள் எப்படிக் கழிக்கிறார்கள் என்பதைப் படமாக்கினார்கள். ‘மென்ஷென் அம் சொன்டாக்’ என்ற அந்தப் படம் 1930இல் வெளியானது. ரொபேர்ட் சியோட்மாக்கும் உல்மரும் இயக்குநர்கள். திரைக்கதையில் பில்லி வைல்டர். ஒளிப்பதிவு உதவியாளர் ஃபிரெட் சினமன். மூன்று ஆண்டுகளில் ஹிட்லர் ஆட்சிக்கு வந்தார். இந்த இளைஞர்களில் அநேகமானோர் யூதர்கள். ஒருவர் பின் ஒருவராக நாட்டைவிட்டுப் போனார்கள். வைல்டரும் சினமனும் பின்னாளில் ஹொலிவூட்டில் ஒஸ்கார் விருதுகளை வாங்கினார்கள். உல்மருக்கு அந்தப் பாதை அமையவில்லை.

அமையாமல் போனதற்குக் காரணம் திறமைக் குறைவு இல்லை. 1934இல் யுனிவர்சல் நிறுவனத்துக்காக அவர் எடுத்த ‘த பிளக் கற்’ பெரும் வசூலைப் பெற்றது. போரிஸ் கார்லோஃப், பெலா லுகோசி ஆகிய இரு திகில் நட்சத்திரங்கள் அதில் முதல் தடவையாகச் சேர்ந்து நடித்தார்கள். திகில் படம் என்றுதான் விளம்பரம். ஆனால் உள்ளே இருந்தது வேறு. முதலாம் உலகப் போரில் தன் கோட்டையை எதிரியிடம் காட்டிக்கொடுத்துத் தப்பிய தளபதி, ஆயிரக்கணக்கான போர்வீரர்கள் செத்துப் புதையுண்ட அதே இடத்தின் மேல் தனக்கு நவீன மாளிகை கட்டி வாழ்கிறான். பதினைந்து வருடச் சிறைக்குப் பிறகு தப்பிய ஒருவன், மனைவியையும் மகளையும் தேடி அந்த வீட்டுக்கு வருகிறான். இந்தக் கதையை எடுத்தவரின் தந்தை அந்தப் போரில்தான், அந்த இராணுவத்தில்தான் இறந்தார். புதைகுழியின் மேல் வீடு என்பதை எங்கள் ஊர் ஆட்களுக்கு நான் விளக்கவேண்டியதில்லை.

அந்த வெற்றியை அவர் அனுபவிக்க முடியவில்லை. படப்பிடிப்புக் காலத்தில் ஷேர்லி என்ற பெண்ணை அவர் காதலித்தார். ஷேர்லி ஏற்கெனவே மணமானவர். கணவர், யுனிவர்சல் நிறுவனத்தின் தலைவர் கார்ல் லெம்லேயின் மருமகன். ஷேர்லி விவாகரத்துப் பெற்று 1935இல் உல்மரை மணந்தார். அதோடு பெரிய ஸ்ரூடியோக்களின் கதவுகள் அவருக்கு மூடிக்கொண்டன. ஹிட்லர் ஒரு கண்டத்தை மூடினார், ஒரு முதலாளியின் குடும்ப மானம் ஹொலிவூட்டை மூடியது. ஷேர்லி கடைசிவரை அவருடன் இருந்தார். அவர் எடுத்த படங்களில் ஏறக்குறைய எல்லாவற்றிலும் காட்சித் தொடர்ச்சியைக் கவனிக்கும் வேலையைச் செய்தவர் அவர்தான்.

இருவரும் நியூயோர்க்குக்குப் போனார்கள். இங்கேதான் உல்மரின் வாழ்க்கையில் நான் திரும்பத் திரும்பப் போய் நிற்கும் பகுதி தொடங்குகிறது.

பெரிய நிறுவனங்கள் கைவிட்ட அந்த இயக்குநரிடம் சிறிய சமூகங்கள் வந்தன. நாடில்லாத, அல்லது நாட்டைவிட்டு வந்த மக்கள். தங்கள் மொழியில் தங்களைத் திரையில் பார்க்கவேண்டும் என்ற ஆசை மட்டும் இருந்தது, காசு இருக்கவில்லை. உக்ரேனியக் குடியேறிகள் தங்களுக்குள் பணம் சேர்த்தார்கள். அவர்களுக்காக 1937இல் ‘நடால்கா பொல்டாவ்கா’ படத்தை நடன ஆசிரியர் வசில் அவ்ரமென்கோவுடன் சேர்ந்து எடுத்தார். உக்ரேனிய மொழி உல்மருக்குத் தெரியாது. அதே ஆண்டில் கிழக்கு ஐரோப்பிய யூதர்களின் இத்திஷ் மொழியில் ‘கிரீன் ஃபீல்ட்ஸ்’ எடுத்தார். ஜேர்மன் பேசி வளர்ந்த அவருக்கு அதுவும் வீட்டு மொழியாக இருக்கவில்லை. ஆனால் நியூயோர்க்கின் யூத மக்கள் அதைத் தங்கள் படமாக ஏற்றுக்கொண்டார்கள்.

மறுவருடம் நியூஜேர்சியில் நியூட்டன் என்ற இடத்தில் ஒரு கிராமத்தைச் செயற்கையாக அமைத்தார்கள். அங்கே ஒரு உக்ரேனியப் படமும் ஒரு இத்திஷ் படமும் எடுக்கப்பட்டன. உண்மையான உக்ரேனில் இந்த இரண்டு மக்களுக்கும் இடையே இரத்தம் சிந்திய வரலாறு உண்டு. நியூஜேர்சியில் ஒரே மரவீடுகள் ஒரு கிழமை உக்ரேனியக் கிராமமாகவும் இன்னொரு கிழமை யூதக் கிராமமாகவும் நின்றன.

1939இல் கறுப்பின நடிகர்களுடன் ‘மூன் ஓவர் ஹார்லெம்’ எடுத்தார். கசநோய் தடுப்புச் சங்கத்துக்காகக் கறுப்பின மக்களுக்கு ஒன்று, மெக்சிக்க வம்சாவளியினருக்கு ஒன்று, நவஹோ பழங்குடியினருக்கு ஒன்று என்று குறும்படங்கள் செய்தார். அந்த நோய் ஏழைகளை அதிகமாகத் தின்றுகொண்டிருந்த காலம் அது. வெள்ளைக்கார வைத்தியர் வந்து புத்தி சொல்கிற படங்களாக இல்லாமல், அந்தந்தச் சமூகத்து மனிதர்களை முன்னிறுத்தி எடுத்தார்.

அதே 1939இல் வெளிவந்த ‘த லைட் அஹெட்’ என்ற இத்திஷ் படம், கால் ஊனமுற்ற இளைஞன் ஒருவனும் பார்வையற்ற பெண் ஒருத்தியும் காதலிப்பதைச் சொல்கிறது. அவர்கள் வாழும் ஊரில் கொலரா. பொதுப்பணத்தை வைத்தியசாலைக்குச் செலவழிக்க மனமில்லாத பெரியவர்கள், நோயை விரட்டுவதற்கென்று இந்த ஏழைகள் இருவருக்கும் சுடுகாட்டில் கல்யாணம் செய்துவைக்கிறார்கள். கடைசியில் அவர்கள் ஊரைவிட்டு நடக்கிறார்கள்.

அந்த வருடம் மார்ச்சில் உல்மர் பிறந்த ஒலோமவுட்ஸை நாசிப் படைகள் பிடித்தன. நகரின் யூத தொழுகைக்கூடம் எரிக்கப்பட்டது. செப்டெம்பரில் போலந்து மீது படையெடுப்பு. அடுத்த ஆறு வருடங்களில் கொல்லப்பட்ட ஏறத்தாழ 60 இலட்சம் யூதர்களில் பெரும்பான்மையோர் இத்திஷ் பேசியவர்கள். உல்மர் எடுத்த இத்திஷ் படங்கள் நான்கு. அவற்றில் வரும் கிராமங்கள் போன்றவை ஐரோப்பாவில் இல்லாமல் போயின. அந்தப் படங்களை இன்று பார்ப்பவர்கள் கதையை மட்டும் பார்ப்பதில்லை. ஒரு சமையலறை எப்படி இருந்தது, வெள்ளிக்கிழமை மாலை எப்படி விளக்கேற்றினார்கள், தாய் மகளை எப்படிக் கூப்பிட்டாள் என்பதையும் தேடிப் பார்க்கிறார்கள்.

1940களில் உல்மர் ஹொலிவூட்டுக்குத் திரும்பினார், ஆனால் பின்வாசல் வழியாக. வறுமைத் தெரு என்று கேலியாக அழைக்கப்பட்ட சிறிய நிறுவனங்களில் ஒன்றான பி.ஆர்.சி. அவருக்கு வேலை கொடுத்தது. மிகக் குறைந்த செலவில், மிகக் குறைந்த நாட்களில் படம் முடிக்கவேண்டும். அங்கே எடுத்ததுதான் ‘டீட்டூர்’. மார்ட்டின் கோல்ட்ஸ்மித் 1939இல் எழுதிய நாவலுக்கு அவரே திரைக்கதையும் எழுதினார். அல்லாக ரொம் நீல், வேராவாக ஆன் சவேஜ்.

படத்தில் வறுமை எல்லா இடத்திலும் தெரிகிறது. நியூயோர்க் வீதியைக் கட்டக் காசில்லாததால் திரை முழுவதையும் பனிப்புகையால் மூடிவிட்டுக் காதலர்களை அதற்குள் நடக்கவிடுகிறார். கார் ஓடும் காட்சிகளில் கார் ஓடவில்லை, பின்னால் திரையில் வீதி ஓடுகிறது. அல் கைகாட்டி வாகனம் ஏறும் சில காட்சிகளில் பிலிம் இடம் வலமாகத் திருப்பப்பட்டிருக்கிறது. கிழக்கிலிருந்து மேற்கே போகிறான் என்பது தெரிய அவன் திரையில் இடப்பக்கமாகவே போகவேண்டும் என்பதற்காகச் செய்த வேலை. அதனால் அமெரிக்க வாகனங்கள் வீதியின் இடது புறமாக ஓடுகின்றன. அமெரிக்கர்கள் இதைப் பெரிய பிழை என்று எழுதுவார்கள். வாகனங்கள் இடதுபுறமாக ஓடும் நாட்டில் இருந்து பார்த்த எனக்கு முதல் தடவை அது கண்ணில் படவே இல்லை. ஏ9 வீதியில் லொறிக்குக் கைகாட்டி ஏறுகிறவன் மாதிரித்தான் இருந்தான்.

இந்தப் படத்தை ஆறே நாட்களில் எடுத்ததாக உல்மர் பிற்காலத்தில் சொன்னார். அந்தக் கதை உலகம் முழுவதும் பரவியது. மிகச் சொற்பமான செலவு என்ற கதையும் அதனோடு சேர்ந்தது. பின்னர் ஆவணங்களை ஆராய்ந்தவர்கள், படப்பிடிப்பு இரண்டு கிழமையளவில் நடந்தது என்றும், செலவு ஒரு இலட்சம் டொலரை ஒட்டியது என்றும் காட்டினார்கள். அப்போதும் அது ஹொலிவூட்டுக்கு மிகச் சிறிய தொகைதான்.

பிறந்த ஊரையும் ஆறு நாளையும் போலவே வேறு பலவும் இருந்தன. 1970இல், நோயுற்றிருந்த காலத்தில், இயக்குநர் பீட்டர் பொக்டனோவிச்சுக்கு அவர் நீண்ட பேட்டி கொடுத்தார். ஜேர்மன் சினிமாவின் புகழ்பெற்ற படங்கள் பலவற்றில் தனக்குப் பங்கு இருந்ததாக அதில் சொன்னார். ‘மெட்ரோபொலிஸ்’ உட்பட. அவற்றில் பலவற்றுக்கு எந்தச் சான்றும் இல்லை. அதனால் அவரைப் பற்றி எழுதும் ஆய்வாளர்கள் அவர் சொல்லும் ஒவ்வொரு வசனத்தையும் சந்தேகத்தோடு தொடவேண்டியதாயிற்று. உண்மையாக அவர் செய்தவற்றையும் சேர்த்து.

இந்த இடத்தில் என் தொழிலைப் பற்றி ஒன்றைச் சொல்லவேண்டும். சில வருடங்களுக்கு முன்பு, பூநகரியிலிருந்து இடம்பெயர்ந்த ஐயா ஒருவரின் அனுபவத்தை எழுதினேன். பதினேழு தடவை இடம்பெயர்ந்ததாக அவர் சொன்னார். பக்கத்தில் இருந்த அவருடைய மனைவி ஏதோ சொல்ல வாயெடுத்தார். ஐயா பேசிக்கொண்டே போனார். நான் பதினேழு என்றே எழுதினேன். அந்த எண் கட்டுரைக்கு நன்றாக இருந்தது. கட்டுரை வெளிவந்த பிறகு யாரோ ஒருவர் திகதிகளையும் இடங்களையும் வைத்துக் கணக்குப் பார்த்து, பதினேழு சாத்தியமே இல்லை என்று எழுதினார். அதைப் பிடித்துக்கொண்டு வேறு சிலர், செல்விழுந்ததும் பிள்ளையைப் பறிகொடுத்ததும் உட்பட அந்த மனிதர் சொன்ன அனைத்தும் கட்டுக்கதை என்று பரப்பினார்கள்.

தவறு என்னுடையது. அந்த அம்மாவை நான் பேச விட்டிருக்கவேண்டும். பிறகு திரும்பிப் போனேன். அம்மா விரல் மடித்து எண்ணினார். பரந்தன், கிளிநொச்சி, தருமபுரம், விசுவமடு, உடையார்கட்டு, சுதந்திரபுரம், தேவிபுரம், இரணைப்பாலை, மாத்தளன், பொக்கணை, முள்ளிவாய்க்கால். பதினொன்று. ஒவ்வொரு இடத்திலும் எத்தனை நாள், யார் வீட்டு வளவு, எங்கே பங்கர் வெட்டியது என்று சொன்னார். ஐயா தலையைக் குனிந்தபடி கேட்டுக்கொண்டிருந்தார். அவர் பொய் சொன்னார் என்று நான் நினைக்கவில்லை. பதினொன்று என்று சொன்னால் கேட்பவர்களுக்குப் போதாமல் போய்விடுமோ என்று அவருக்குப் பயம் இருந்திருக்கும். கேட்டவர்கள் அப்படித்தான் அவரைப் பழக்கியிருந்தார்கள்.

உல்மரையும் நான் அப்படித்தான் விளங்கிக்கொள்கிறேன். கூட வேலை செய்தவர்கள் ஒஸ்கார் மேடையில் நிற்க, அவர் பி.ஆர்.சி.யின் வாடகை அரங்கில் புகை போட்டு வீதியை மறைத்துக்கொண்டிருந்தார். ‘டீட்டூர்’ வெளிவந்த பிறகும் நிலைமை பெரிதாக மாறவில்லை. ‘ரூத்லெஸ்’ (1948), ‘த மான் ஃபுரம் பிளனெற் எக்ஸ்’ (1951), ‘த நேக்கட் டோன்’ (1955) என்று கிடைத்ததையெல்லாம் எடுத்தார். அமெரிக்கா, இத்தாலி என்று வேலை கிடைத்த இடமெல்லாம் குடும்பத்தோடு அலைந்தார். 1960களின் நடுப்பகுதியில் வெளியான அவரது கடைசிப் படம் ‘த கேவர்ன்’, இரண்டாம் உலகப் போரின்போது குகைக்குள் சிக்கிக்கொண்ட வெவ்வேறு நாட்டுப் படையினரைப் பற்றியது. பிரான்சின் இளம் விமர்சகர்கள்தான் அவரை முதலில் தேடிப் பிடித்து மதித்தவர்கள். ‘த நேக்கட் டோன்’ படத்தைப் பார்த்தது தன் படமொன்றுக்குத் தூண்டுதலாக இருந்தது என்று இயக்குநர் பிரான்சுவா துருபோ ஒப்புக்கொண்டார். அந்த மதிப்பு வந்து சேர்ந்தபோது உல்மருக்கு வயதாகிவிட்டது. தனக்கு நடந்தது போதாது என்று நினைத்த ஒருவர், இன்னும் கொஞ்சம் சேர்த்துச் சொன்னார்.

சேர்த்துச் சொன்னவை அவருக்கு உதவவில்லை. ‘மெட்ரோபொலிஸ்’ படத்தில் அவர் இருந்தாரா என்பதில் எனக்கு அக்கறை இல்லை. மொழி தெரியாத உக்ரேனியருக்குப் படம் எடுத்ததும், அழியப்போகும் ஒரு உலகத்தை அழிவதற்கு இரண்டு வருடம் முன்பிலிருந்து நான்கு படங்களில் பதிந்துவைத்ததும், நவஹோ மக்களுக்குக் கசநோய் பற்றிச் சொன்னதும் சான்றோடு இருக்கின்றன. பிலிமாக இருக்கின்றன. பதினொரு இடங்களைப் போல அவை போதும்.

‘டீட்டூர்’ படத்தை இப்போது மறுபடி பார்க்கும்போது எனக்கு வேறொன்று தெரிகிறது. முழுக் கதையையும் அல்தான் நமக்குச் சொல்கிறான். ஹஸ்கல் கல்லில் விழுந்ததை அவனைத் தவிர யாரும் பார்க்கவில்லை. வேரா இறந்த அறைக்குள்ளும் வேறு யாரும் இல்லை. அவன் சொல்வது உண்மைதானா என்று விமர்சகர்கள் நீண்ட காலமாகக் கேட்கிறார்கள். படம் விடை சொல்வதில்லை. ஆனால் ஒன்று நிச்சயம். முதல் மரணத்தின்போது அவன் வீதியில் நின்று அடுத்த வாகனத்தை மறித்து, நடந்ததை நடந்தபடி சொல்லியிருந்தால், நம்பாமல் போயிருக்கலாம், ஆனால் அவன் பெயர் அவனிடம் இருந்திருக்கும். நம்பமாட்டார்கள் என்று முதலே முடிவெடுத்து, இறந்தவரின் உடைக்குள் புகுந்துகொண்டான். அதன் பிறகு அவன் சொல்லும் உண்மைக்கும் சாட்சி இல்லை. பயம் நியாயமானது. விலை மிகப் பெரியது.

கடைசிக் காட்சியில் இரவு நெடுஞ்சாலையில் அவன் தனியே நடக்கிறான். பொலிஸ் கார் ஒன்று வந்து நிற்கிறது. குற்றம் செய்தவன் தப்பக்கூடாது என்று அக்காலத் தணிக்கை விதி இருந்ததால் சேர்க்கப்பட்ட முடிவு அது. எந்தப் பெயரில் அவனைப் பிடித்தார்கள் என்பது நமக்குத் தெரியாது.

உல்மர் பல தடவை பக்கவாதத்தால் பாதிக்கப்பட்டு, 1972 செப்டெம்பர் 30 அன்று கலிபோர்னியாவில் இறந்தார். மறுவருடம் ‘டீட்டூர்’ தன் சட்ட உரிமையை இழந்தது. அன்றைய அமெரிக்கச் சட்டப்படி ஒரு படத்தின் பதிப்புரிமை 28 வருடங்கள். முடியும் முன்பு விண்ணப்பித்துப் புதுப்பிக்கவேண்டும். பி.ஆர்.சி. நிறுவனம் 1940களின் இறுதியிலேயே இல்லாமல் போயிருந்தது. விண்ணப்பிக்க யாரும் இருக்கவில்லை. படம் பொதுச்சொத்தாகியது. உரிமையாளர் இல்லாததால் யார் வேண்டுமானாலும் பிரதி எடுத்தார்கள். தொலைக்காட்சிகள் நள்ளிரவில் போட்டன. மலிவு வீடியோ நாடாக்களில் வந்தது. பிரதியின் பிரதியின் பிரதியாகத் தேய்ந்து தேய்ந்து, கடைசியில் ஒரு பென் டிரைவில் எங்கள் விடுதி அறைவரை வந்தது. பெரிய நிறுவனங்கள் பெட்டிக்குள் பூட்டிவைத்த எத்தனையோ நல்ல படங்கள் அப்படி வரவில்லை.

1992இல் அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தின் தேசியத் திரைப்படப் பதிவேட்டில் ‘டீட்டூர்’ சேர்க்கப்பட்டது. 2018இல் அதைப் புதுப்பிக்க முயன்றவர்களுக்கு மூல நெகட்டிவ் கிடைக்கவில்லை. பெல்ஜியத் திரைப்படக் காப்பகத்தில் ஒரு நல்ல பிரதி இருந்தது. அதன் மேல் பிரெஞ்சு, பிளெமிஷ் உப தலைப்புகள் பதிந்திருந்தன. கணினியில் அவற்றை ஒவ்வொன்றாக நீக்கி, கீழே மறைந்திருந்த படத்தை வெளியே எடுத்தார்கள். இப்போது வேராவின் முகம் தெளிவாகத் தெரிகிறது. பனிப்புகையும் தெளிவாகத் தெரிகிறது.

ஒலோமவுட்ஸில் அவர் பிறந்த வீட்டில் இன்று ஒரு நினைவுப் பலகை இருக்கிறது. அவருடைய மகள் பல வருடங்களாகத் தந்தையின் படங்களைத் தேடிச் சேர்த்துக் காப்பாற்றியவர். வியன்னாவில் பிறந்தேன் என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்த மனிதரின் பெயர், கடைசியில் சரியான ஊரில், சரியான வீட்டின் சுவரில் எழுதப்பட்டிருக்கிறது.

பூநகரி ஐயாவின் கட்டுரையில் நானும் எண்ணைத் திருத்தினேன். பதினேழை எடுத்துவிட்டு, அம்மா சொன்ன ஒழுங்கிலேயே பதினொரு ஊர்களின் பெயர்களையும் போட்டேன். அச்சடித்த பிரதியைக் கொண்டுபோய்க் கொடுத்தபோது, ஐயா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஊர்களை ஒவ்வொன்றாகச் சத்தமாக வாசித்தார். அம்மா விரல்களை மடித்துக்கொண்டிருந்தார்.